பதுங்க ஓர் அட்டைப்பெட்டி

விலங்குக் காப்பகக் கூண்டின் மூலையில், மணல் தட்டுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது பூனை. காதுகள் தலையோடு படிந்திருக்கின்றன. கண்பாப்பா விரிந்து கண்ணே கறுத்துவிட்டது. கை நீண்டால் சீறும், அறையும். ‘பொல்லாத பூனை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உயிர்ப்பயம்தான் அப்படிச் சீறுகிறது.

இந்தப் பயத்தைத் தணிக்க அட்டைப்பெட்டி போதுமா? நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்து, உடல் நிலையையும் முகக்குறிகளையும் வைத்து ஒவ்வொன்றின் பதற்றத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மூன்று, நான்கு நாட்களிலேயே தெளிந்துவிட்டன. மற்றவை அவற்றை எட்ட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. 2014இல் வெளியான ஆய்வு இது.

பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யார் கண்ணில் படும், யார் தத்தெடுப்பார்கள் என்று காப்பகத்தார் கவலைப்படுவது இயல்பு. ஆனால் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிய இடம் இருந்த பூனைகளே மனிதர்களிடம் அதிகம் நெருங்கி வந்தன. தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பிராணிக்குத்தான் எட்டிப்பார்க்கத் துணிவு வரும்.

மனிதரோடு பழக வயதும் முக்கியம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகளின்படி, இரண்டு முதல் ஏழு வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டிகளே எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த நாட்களில் மனிதரையே பார்க்காமல் வளர்ந்துவிட்ட பெரிய பூனையை வீட்டுக்குள் அடைக்க முயல்வது அதற்கு வதை. கருத்தடை செய்து, அடையாளமாகக் காதின் நுனியைக் கத்தரித்து, பிடிபட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் கருணை.

முன்பு மனிதரோடு இருந்து, பிறகு தெருவில் பயந்துபோன பூனை வேறு. அதற்கு வேண்டியது பொறுமை. தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே தரையில் பக்கவாட்டாக உட்கார வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறக்கலாம். சசெக்ஸ் பல்கலைக்கழகக் குழு 2020இல் காட்டியபடி, அப்படிச் செய்யும் அந்நியரிடம்கூடப் பூனைகள் நெருங்கி வருகின்றன.

அடுத்தது நீளமான கரண்டி. அதன் முனையில் மசித்த கோழிக்கறி. முதல் நாள் பூனை மோந்துகூடப் பார்க்காது. பிறகு கழுத்தை மட்டும் நீட்டி ஒரு நக்கு, உடனே பின்வாங்கல். நாள் போகப்போகக் கரண்டியின் காம்பு குறுகிக்கொண்டே வரும். கறி தீர்ந்த பின்னும் திரும்பிப் போகாமல் காம்பில் கன்னத்தை உரசும் நாளில்தான் விரல் நீள வேண்டும். அதுவும் கன்னத்துக்கு மட்டும்; முதுகைத் தொட இன்னும் நாளாகும்.