பாட்டனியா, மைக்ரோபயாலஜியா, பயோடெக்கா? பிஎஸ்சி உயிரியல் படிப்புகளில் என்னதான் சொல்லித் தர்றாங்க? எதைத் தேர்வு செய்வது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. நீட் மதிப்பெண்ணும் தெரிஞ்சாச்சு. மருத்துவ இடம் எட்டாது என்று புரிந்துவிட்ட வீடுகளில் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: "பயாலஜி குரூப் எடுத்தாச்சு, இனிமே என்ன படிக்கிறது?"

நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் பாதி, அதாவது 360 மதிப்பெண்கள் உயிரியலுக்குத்தான். இரண்டு வருஷம் இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டிய மாணவர், கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்ததும் கொஞ்சம் திகைத்துப் போவார். 'பிஎஸ்சி பயாலஜி' என்ற பெயரே அங்கே பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர் வேதியியல், உயிரி தொழில்நுட்பவியல் என ஐந்து வாசல்கள் வரிசையாக நிற்கும்.

"எல்லாம் பயாலஜிதானே, எது கிடைச்சா என்ன?" என்று நினைத்து ஏதோ ஒன்றை டிக் செய்கிறவர்கள் நிறைய. ஆனால், மூன்று வருஷம் கழித்து ஒரு வேலை அறிவிப்பைப் பார்க்கும்போதுதான் இந்த ஐந்தும் ஒன்றல்ல என்பது தெரியவரும். அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

மூன்று வருஷம் எப்படிப் போகும்?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கல்லூரிகளில் பிஎஸ்சி என்பது மூன்று ஆண்டுகள், ஆறு செமஸ்டர்கள். பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டில் ஆங்கிலம். பகுதி மூன்றில்தான் முதன்மைப் பாடமும், 'அலைடு' எனப்படும் துணைப் பாடமும் வரும். இவை போக சுற்றுச்சூழல் கல்வி, திறன் மேம்பாட்டுப் பாடங்கள், என்எஸ்எஸ் போன்றவையும் உண்டு.

ஒவ்வொரு செமஸ்டரிலும் தியரிக்கு இணையாக லேப் ஓடும். அப்சர்வேஷன் நோட், ரெக்கார்டு நோட், ஸ்பாட்டர்ஸ், வைவா என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது. ரெக்கார்டில் கையெழுத்து வாங்காமல் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது.

பாட்டனி: பூவை மட்டும் பார்ப்பதல்ல

தாவரவியலில் முதல் வருஷம் பூச்செடியில் தொடங்காது. பாசிகள், பூஞ்சைகள், பெரணிகள் வழியாகத்தான் பூக்கும் தாவரங்களுக்கு வந்து சேர்வார்கள். தண்டை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது தினசரி வேலை. தாவர உடலியல், மரபியல், சூழலியல் ஆகியவையும் உண்டு.

வகைப்பாட்டியல் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. கையில் கொடுக்கப்படும் கிளையைப் பார்த்து, இலை அடுக்கு, இதழ்களின் எண்ணிக்கை, சூற்பையின் இருப்பிடம் ஆகியவற்றை வைத்து அது எந்தக் குடும்பம் என்று சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பெந்தம், ஹூக்கர் உருவாக்கிய வகைப்பாட்டு முறைதான் இதற்கு இன்றும் அடிப்படையாகக் கற்பிக்கப்படுகிறது. களப் பயணம் போய், செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி 'ஹெர்பேரியம்' தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் இந்தக் காலத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு மலையில் எந்தச் செடி இருந்தது, எது காணாமல் போனது என்பதைச் சொல்ல இந்தப் பதிவுகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது. கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தெற்கு மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் இந்தப் பணிக்குப் பெயர் பெற்றவை.

சுவாலஜி: தவளையை அறுக்கணுமா?

விலங்கியல் என்றதும் பல பெற்றோருக்கு நினைவுக்கு வருவது மெழுகுத் தட்டில் குத்தி வைக்கப்பட்ட தவளைதான். அந்தக் காலம் மலையேறிவிட்டது. விலங்குகளை அறுத்துப் படிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 2011-ல் வழிகாட்டுதல் வெளியிட்ட யூஜிசி, 2014-ல் அதை முழுமையாகக் கைவிடச் சொன்னது. இப்போது மாதிரிகள், படங்கள், கணினி மென்பொருள் ஆகியவைதான் அந்த இடத்தில் இருக்கின்றன.

முதுகெலும்பற்றவை, முதுகெலும்புள்ளவை என்று தொடங்கும் பாடம், செல் உயிரியல், மரபியல், கருவளர்ச்சி, உடலியல், நோய் எதிர்ப்பியல், பரிணாமம் என்று போகும். தன் விரலிலிருந்தே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குரூப் பார்ப்பது மாணவர்கள் மறக்காத சோதனை. மண்புழு உரம், தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு, மீன் வளர்ப்பு ஆகிய தொழில் சார்ந்த பாடங்களும் இருப்பதால், சொந்தமாக ஏதாவது தொடங்க நினைப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

மைக்ரோபயாலஜி: கண்ணுக்குத் தெரியாத எதிரியும் நண்பனும்

நுண்ணுயிரியலில் முதல் பாடமே சுத்தம்தான். ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் கிருமி நீக்கம் செய்வதும், அகார் தட்டில் பாக்டீரியாவை வளர்ப்பதும் கை பழகும் வரை திரும்பத் திரும்ப நடக்கும்.

அடுத்தது கிராம் ஸ்டெயினிங். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை இது. கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என நான்கு திரவங்கள். முடிவில் பாக்டீரியா ஊதா நிறமாகத் தெரிந்தால் ஒரு வகை, இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னொரு வகை. எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று மருத்துவர் முடிவெடுக்க இன்றும் இந்த நிற வேறுபாடு உதவுகிறது. குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா, பால் கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளும் பாடத்தில் உண்டு.

பயோகெமிஸ்ட்ரி: லேப் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது

சாப்பிட்ட இட்லி எப்படி சக்தியாகிறது? சர்க்கரை நோயில் எங்கே கோளாறு? கொலஸ்ட்ரால் ஏன் சேருகிறது? இவைதான் உயிர் வேதியியலின் கேள்விகள். புரதம், கொழுப்பு, என்சைம், ஹார்மோன் என எல்லாவற்றையும் வேதியியல் கண்ணோடு பார்க்கும் படிப்பு இது. பெனடிக்ட் கரைசலின் நீலம் செங்கல் சிவப்பாக மாறுவதைப் பார்த்து சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் அளவைக் கணக்கிடுவது வரை லேப் வேலை இருக்கும்.

பயோடெக்: ஜீனோடு வேலை

செல்லிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது, அதை ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பது, பிசிஆர் முறையில் பல மடங்கு பெருக்குவது ஆகியவைதான் இந்தப் படிப்பின் அடிப்படை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட அதே 'பிசிஆர்'தான். விவசாயிகள் வாங்கும் திசு வளர்ப்பு வாழைக்கன்றின் பின்னால் இருப்பதும் இந்தப் படிப்பில் வரும் தொழில்நுட்பம்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் உள்ள பிடெக் பயோடெக்னாலஜி நான்கு வருஷப் படிப்பு, அது வேறு. பிஎஸ்சி பயோடெக் மூன்று வருஷ அறிவியல் பட்டம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சேரக் கூடாது.

"கணக்கும் கெமிஸ்ட்ரியும் இருக்காதுல்ல?"

இது பலருக்கு இருக்கும் தப்புக் கணக்கு. தாவரவியல், விலங்கியல் படிப்புகளுக்கும் பல கல்லூரிகளில் வேதியியல்தான் துணைப் பாடம். டைட்ரேஷன், உப்புப் பகுப்பாய்வு எல்லாம் செய்தாக வேண்டும். பயோஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற பெயரில் சராசரி, திட்ட விலக்கம், கை-ஸ்கொயர் சோதனை ஆகியவையும் வரும். கெமிஸ்ட்ரியைக் கண்டு ஓடுபவர்கள் உயிர் வேதியியலை எடுத்தால் மூன்று வருஷமும் சிரமம்தான்.

பட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்?

இரண்டு அரசுப் பணிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, யூபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வு. பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும் என்கிறது தகுதி விதி. இந்தப் பட்டியலில் மைக்ரோபயாலஜி, பயோடெக் பெயர்கள் இல்லை. அந்த மாணவர்களுக்கு, துணைப் பாடமாக என்ன படித்தார்கள் என்பதே கேள்வியாகிவிடும்.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணி. இங்கே கதை தலைகீழ். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள தகுதிப் பட்டியலில் பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பட்டங்கள் இருக்கின்றன. பாட்டனி, சுவாலஜி இல்லை.

ஆக, ஒரு கதவைத் திறக்கும் சாவி இன்னொரு கதவுக்குப் பொருந்தாது. பள்ளி ஆசிரியர் ஆக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிஎட் முடித்து அரசுப் பள்ளிக்குப் போக விரும்பினால் தாவரவியல், விலங்கியல் பட்டங்களுக்குத்தான் பாதை நேரானது. சில கல்லூரிகளில் இரண்டு துறைகளை இணைத்துப் புதுப் பெயரில் பட்டம் தருவார்கள். பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால், அது தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வேலை கைக்கு வரும் நேரத்தில், இணைத்தன்மைச் சான்று இல்லை என்று நிற்கும் நிலை வரக் கூடாது.

இன்னொரு குழப்பம், லேப் டெக்னீஷியன் வேலை. அரசு மருத்துவமனைப் பணிக்கு மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பைத்தான் கேட்கிறார்கள். அதுதான் குறிக்கோள் என்றால், பிஎஸ்சி மைக்ரோபயாலஜிக்குப் பதில் நேரடியாக அந்தப் படிப்பைத் தேடுவதே நல்லது.

"சேர்ந்துட்டு, அடுத்த வருஷம் நீட் எழுதலாமா?"

எழுதலாம், தடை இல்லை. ஆனால், பொதுவாகக் கல்லூரிகளில் 75 சதவீத வருகைப் பதிவு கட்டாயம். கோச்சிங்குக்காக லேப் வகுப்புகளை விட்டால் அரியர் சேரும். நீட்டும் கிடைக்காமல், பட்டமும் தள்ளிப்போய் இரண்டும் கெட்டானாக நிற்கும் ஆபத்து இருக்கிறது. ஒரு வருஷம் முழுமையாக நீட்டுக்குக் கொடுப்பதா, கல்லூரியை ஒழுங்காகப் படிப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதே சரி.

டிகிரி முடித்த பிறகு?

உண்மையைச் சொன்னால், இந்தத் துறைகளில் பிஎஸ்சி ஒரு தொடக்கம்தான். பட்டம் முடித்ததும் மருந்து நிறுவனங்கள், பால் பண்ணைகள், உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்குப் போகலாம். எந்தப் பட்டமும் போதும் என்கிற டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளும் உண்டு. ஆராய்ச்சி, கல்லூரிப் பேராசிரியர் பணி என்றால் எம்எஸ்சி, பிறகு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு என்று போக வேண்டும். ஐஐடி போன்ற நிறுவனங்களில் எம்எஸ்சி படிக்க, பட்டத்தின் கடைசி வருஷத்திலேயே 'ஜாம்' தேர்வு எழுதலாம்.

ஆராய்ச்சிதான் ஆசை என்று இப்போதே தெளிவாக இருப்பவர்களுக்கு திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட இடங்களில் இருக்கும் ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இந்த வருஷம் தவறவிட்டவர்கள், வீட்டில் அடுத்து பிளஸ் டூ போகும் தம்பி தங்கைகளுக்காவது சொல்லி வைக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் இந்த 5 கேள்விகள்

1. மூன்று வருஷம் கழித்து ஆசிரியரா, ஆராய்ச்சியா, கம்பெனி வேலையா, அரசுத் தேர்வா? எதை நோக்கிப் படிக்கப் போகிறீர்கள்?

2. அந்த வேலைக்கான பழைய அறிவிப்பில் எந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறது?

3. கல்லூரியில் துணைப் பாடம் என்ன?

4. லேபில் ஒவ்வொரு மாணவருக்கும் மைக்ராஸ்கோப் கிடைக்குமா? ஆட்டோகிளேவ், பிசிஆர் கருவிகள் வேலை செய்கின்றனவா? அங்கே படிக்கும் சீனியர்களைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

5. தமிழ் வழியா, ஆங்கில வழியா?

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பிஎஸ்சி சேர்க்கைக்கு, மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்களை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். நீட் மதிப்பெண் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. மே மாதம் ஒரு தேர்வறையில் நழுவிப்போன மதிப்பெண், இந்தப் பட்டியலில் யாரையும் பின்னுக்குத் தள்ளாது. அதனால், "வேற வழியில்லாம பிஎஸ்சி" என்று சேராமல், ஐந்து வாசல்களில் எது தன்னுடையது என்று பார்த்துச் சேர்ந்தால், அந்த மூன்று வருஷம் வீண் போகாது.