சாம்பாரில் போடும் உப்பு... பிரித்தால் விஷவாயு!

சாம்பாரில் உப்பு இல்லையென்றால் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அந்த உப்பில் உள்ள இரண்டு பொருள்களைத் தனித்தனியே பரிமாறினால், தட்டை விட்டு எழுந்து ஓடத்தான் வேண்டும்.

ஒன்று, சோடியம். கத்தியால் வெட்டக்கூடிய மிருதுவான உலோகம். தண்ணீர் பட்டால் சீறித் தீப்பிடிக்கும் என்பதால் ஆய்வுக்கூடங்களில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பார்கள். இன்னொன்று குளோரின், பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான்.

இப்படிப்பட்ட இரண்டும் சேர்ந்து எப்படிச் சமையலறைக்குள் வந்தன? எல்லாம் ஒரே ஒரு எலெக்ட்ரான் செய்த வேலை.

அணுவின் நடுவில் உட்கரு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக எலெக்ட்ரான்கள். சோடியத்தில் மொத்தம் 11; உள்ளிருந்து 2, 8, 1 என்று அடுக்கியிருக்கும். குளோரினில் 17, அவை 2, 8, 7. கடைசி அடுக்கில் 8 இருந்தால் இந்த அணுக்கள் அமைதியாகிவிடும். சோடியத்திடம் ஒன்று அதிகம், குளோரினுக்கு ஒன்று குறைவு. கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. பள்ளிப் புத்தகங்கள் ‘அணு எட்டை விரும்புகிறது’ என்பதுபோலச் சொல்லும். அணுவுக்கு ஏது விருப்பம்? மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல, ஆற்றல் குறைந்த நிலைக்குப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

எலெக்ட்ரானை இழந்த சோடியத்துக்கு நேர்மின்னூட்டம். வாங்கிய குளோரினுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இதுதான் அயனிப் பிணைப்பு. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். தூள் உப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், குட்டிக் குட்டிச் சதுரப் பெட்டிகளாகத் தெரியும்.

எல்லா அணுக்களும் இப்படிக் கொடுத்து வாங்குவதில்லை. சில, எலெக்ட்ரான்களை ஜோடியாகப் பொதுவில் வைத்துக்கொள்ளும். அமெரிக்க விஞ்ஞானி கில்பர்ட் லூயிஸ் 1916-ல் இதை விளக்கினார். பெயர், சகப்பிணைப்பு. தண்ணீர், சர்க்கரை எல்லாம் இந்த வகை. வித்தியாசத்தை அடுப்பிலேயே பார்க்கலாம். வெறும் வாணலியில் போட்ட சர்க்கரை சீக்கிரமே இளகிப் பாகாகிவிடும். ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையிலான பிடி அவ்வளவு வலுவில்லை. உப்பு படபடவென்று வெடிக்குமே தவிர உருகாது. அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

வீட்டில் குளோரின் இருக்கும் இன்னொரு இடம் பாத்ரூம். பிளீச்சிங் பவுடரில் அது ஆக்ஸிஜனோடு பிணைந்திருக்கிறது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டிலும் வேறு வடிவில் இருக்கிறது. கறை போகவில்லையே என்று பவுடர் தூவிய தரையிலேயே ஆசிட்டையும் ஊற்றினால், பழைய பிணைப்பு உடைகிறது. அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என இரண்டு குளோரின் அணுக்கள் ஜோடி சேர்ந்து வாயுவாகக் கிளம்பும். ஈப்ரில் பரவிய அதே வாயு!

உப்பில் வாயை மூடிக்கொண்டிருக்கும் அதே குளோரின், ஜோடி மாறியதும் நுரையீரலை அரிக்கிறது. ‘இரண்டையும் கலந்தால் டபுள் சுத்தம்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். திரவ பிளீச்சுக்கும் இது பொருந்தும்.

தெரியாமல் கலந்துவிட்டால்? தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியே வந்து நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போக வேண்டும். இந்த வாயு காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும். அதனால் குனிந்து தேய்ப்பவருக்கும் குழந்தைகளுக்கும்தான் முதல் ஆபத்து. இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், எதை எதோடு கலந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.