மின்மறுப்புப் படிமமாக்கத்தில் அளவீட்டுத் துல்லியம்: பரிமாற்றுச் சோதனையின் பயனும் எல்லையும்

நுரையீரலில் காற்று நிறையும்போது அதன் மின்மறுப்பு உயர்கிறது. குருதி மிகும்போது குறைகிறது. மார்பைச் சுற்றிப் பொருத்தப்பெறும் மின்வாய்கள் வழியே சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, தோலின்மேல் தோன்றும் மின்னழுத்தங்களைக் கொண்டு உள்ளுறுப்புகளின் மின்கடத்துதிறனைக் கணிப்பதே மின்மறுப்புப் படிமமாக்கம் ஆகும். 1980களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்பர், பிரவுன் ஆகியோர் இதனை மருத்துவக் கருவியாக வளர்த்தெடுத்தனர். கதிர்வீச்சு இன்றிப் படுக்கையருகிலேயே இயக்க இயல்வதால், செயற்கைச் சுவாசக் கருவியின் அழுத்தத்தை முடிவு செய்ய இது இன்று துணைபுரிகிறது. அழுத்தம் மிகுந்தால் நுரையீரலின் காற்றறைகள் அளவுக்கு மீறி விரியும், குறைந்தால் மூடிக்கொள்ளும். ஆகவே திரையில் காணும் படிமத்தை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

ஷெஃபீல்டு முறையில் 16 மின்வாய்கள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, எஞ்சியவற்றில் அடுத்தடுத்த இணைகளுக்கிடையே 13 மின்னழுத்தங்கள் அளக்கப்படும். இவ்வாறு சுற்று முழுவதும் 208 அளவீடுகள் கிடைக்கின்றன. எனினும், செலுத்தும் இணையையும் அளக்கும் இணையையும் இடம் மாற்றினால் ஒரே மதிப்பே கிடைக்கவேண்டும் என்பது பரிமாற்றுத் தேற்றம். எனவே உண்மையில் தனித்தவை 104 மட்டுமே. கால்தெரோன் 1980இல் கணித வடிவில் முன்வைத்த இந்நேர்மாறுச் சிக்கல் இயல்பிலேயே நிலைப்பற்றது. மார்பின் நடுவே நிகழும் பெரிய மாற்றமும் தோலில் நுண்ணிய மாற்றமாகவே வெளிப்படும். தோலிலிருந்து உள்நோக்கிக் கணிக்கும்போதோ அளவீட்டின் சிறுபிழை பன்மடங்காகப் பெருகும்.

அச்சிறுபிழை எங்கிருந்து வருகிறது? வடத்தில் 50 பிக்கோஃபாரட் தேவையற்ற மின்தேக்குத்திறன் இருப்பதாகக் கொள்வோம். 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் மறுப்பு ஏறத்தாழ 64 கிலோ ஓம். சுமை 1 கிலோ ஓம் எனின், செலுத்திய மின்னோட்டத்தில் சுமார் 1.6 விழுக்காடு கட்டம் விலகி அவ்வழியே கசியும். மின்வாய்ப் பசை உலர உலரத் தொடுகை மறுப்பும் மின்வாய்க்கு மின்வாய் வேறுபடுவதால், இக்கசிவு எல்லா இணைகளிலும் ஒரே அளவாக அமையாது.

இங்குதான் மிகையெனத் தோன்றும் மற்ற 104 அளவீடுகள் பயன்படுகின்றன. செலுத்தும் சுற்றும் அளக்கும் சுற்றும் வெவ்வேறு வகையில் பிழைபட்டால் இடம் மாற்றிய இரு மதிப்புகளும் ஒத்துப்போகா. தோலை விட்டு விலகிய மின்வாயையும் அவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கும். படிமத்தோடு பரிமாற்றுப் பிழையையும் பதிவு செய்வது நல்ல வழக்கம். ஆனால் அப்பிழை சிறிதாக இருப்பதே துல்லியத்துக்குச் சான்றாகாது. மார்பின் வடிவத்தையோ மின்வாய்களின் இடத்தையோ கணிப்பில் தவறாகக் கொண்டிருந்தாலும் பரிமாற்றுத் தேற்றம் சிறிதும் வழுவாது.

இத்தகைய வடிவப் பிழைகளைத் தவிர்க்கவே வேறுபாட்டுப் படிமம் கையாளப்படுகிறது. மூச்சின் இரு நிலைகளில் எடுத்த அளவீடுகளைக் கழித்தால், இரண்டிலும் மாறாதிருக்கும் பிழை பெரும்பாலும் நீங்கும். மாறும் பிழை நீங்காது. மூச்சு உள்வாங்கும்போது மார்பு விரிந்து மின்வாய்களும் இடம் பெயர்கின்றன. அப்பெயர்ச்சி நுரையீரல் மாற்றத்தின் அதே தாளத்தில் நிகழ்வதால் அதிர்வெண் வடிகட்டியால் இரண்டையும் பிரிக்க இயலாது. கணிப்பில் கையாளப்படும் மென்மையாக்கம் வேறு, இப்போலி மாற்றத்தையும் வழவழப்பான காற்றோட்டப் படிமமாகவே காட்டிவிடுகிறது. மின்வாய்ப் பெயர்ச்சியையும் அறியப்படாத மாறிகளாகச் சேர்த்துக் கணிப்பது ஒரு வழி. அதற்கும் அதே 104 எண்களே மூலம்.