பேய் பிடிக்கவில்லை, மூளையில் ஒரு மின் கோளாறு



நாற்று நட்டுக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி திடீரென்று கையை நிறுத்துகிறாள். ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கிறாள். எதையோ சாப்பிடுவது போல வாயை மெல்லுகிறாள். சேலைத் தலைப்பைப் பிசைகிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தூங்கி எழுந்தவள் போல விழிக்கிறாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. "உச்சி வேளையில புளிய மரத்தடியில போனா, அதான் புடிச்சிருக்கு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தாயத்து, வேப்பிலை, பூசாரி என்று மாதங்கள் ஓடுகின்றன.

கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நாம் நினைக்கிறோம். மேலே சொன்னதும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். இது எப்படி என்று புரிய வேண்டுமானால், மூளை செய்யும் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையும் நம் நடத்தையும்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடை உள்ளது. உடல் எடையில் 100ல் 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் 100ல் 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. இவை மிகச் சிறிய மின் துடிப்புகள் மூலமாகவும், சில இரசாயனப் பொருள்கள் மூலமாகவும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. கையைத் தூக்குவது மட்டுமல்ல. பேசுவது, பயப்படுவது, கோபப்படுவது, நினைவில் வைப்பது எல்லாமே இந்தச் செய்திப் போக்குவரத்தால் நடப்பவை.

பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் புரோக்கா 1861ல், பேச்சை இழந்திருந்த ஒரு நோயாளி இறந்த பிறகு அவருடைய மூளையைப் பார்த்தார். இடது பக்கம் முன்பகுதி பழுதுபட்டிருந்தது. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பது இப்படித் தெரியவந்தது. ஜெர்மனியில் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் மண்டையின் மேலிருந்தே மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் இ.இ.ஜி. அதிலிருந்து வந்ததுதான்.

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளுக்கு மூளை ஆபரேஷன் செய்துவந்தார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆகையால் தலைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்த்தார். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டின் உட்புறம் உள்ள பகுதியைத் தொட்டபோது சிலருக்குப் பழைய நினைவு வந்தது. சிலருக்குப் பாட்டுக் கேட்டது. சிலருக்குக் காரணமில்லாத பயம் வந்தது. அங்கே பேயும் இல்லை, புளிய மரமும் இல்லை. மூளையின் ஓர் இடத்தில் மின்சாரம் பட்டது, அவ்வளவுதான்.

வலிப்பிலும் நடப்பது இதுவே. மூளையின் ஒரு பகுதியில் மின் துடிப்புகள் கட்டுக்கடங்காமல் ஒரே சமயத்தில் எழுகின்றன. கை அசைவுக்கான இடத்தில் எழுந்தால் கை இழுக்கும். நெற்றிப்பொட்டுப் பகுதியில் எழுந்தால் திடீர்ப் பயம், இல்லாத வாசனை, வாய் மெல்லுதல், தன்னை அறியாமல் நடமாடுதல் ஆகியவை வரும். மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பிக் கீழே விழுவார்கள். பள்ளிப் பிள்ளைகளில் சிலர் சில விநாடிகள் மட்டும் "வெறிச்சுப்" பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். "பாடத்தைக் கவனிக்கல" என்று அடிவாங்கும் குழந்தைக்கு இந்த வகை வலிப்பு இருக்கக்கூடும்.

வலிப்பு நின்றவுடன் சிலர் குழப்பத்தில் பிறரைத் தள்ளுவார்கள், உளறுவார்கள். அது திமிரும் அல்ல, பைத்தியமும் அல்ல, மூளை களைத்திருக்கிறது. மன வேதனையால் வலிப்புப் போலவே வருவதும் உண்டு. அதுவும் நடிப்பு அல்ல. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

ஏன் வருகிறது?

பிரசவம் சிக்கலாகிக் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போவது, மூளைக் காய்ச்சல், தலையில் பலத்த அடி, பக்கவாதம், மிதமிஞ்சிய குடி ஆகியவை காரணமாகலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை கழுவாத காய்கறி, அழுக்குக் கை மூலம் வயிற்றுக்குள் போனால், புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றிக் கறியே தொடாதவர்களுக்கும் இது வரும். பலருக்குக் காரணம் எதுவும் தென்படாது. ஆனால் ஒன்று நிச்சயம்: வலிப்பு ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. எச்சிலால் பரவாது, தொட்டால் பரவாது.

ஆஸ்பத்திரிப் பிரசவம், மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட், கக்கூசு உபயோகம், சாப்பாட்டுக்கு முன் கை கழுவுதல் ஆகிய சாதாரணப் பழக்கங்களே வலிப்பில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

1. பதற்றம் வேண்டாம். அடுப்பு, கிணறு, கூரான பொருள் பக்கத்தில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.
2. தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.
3. இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும்.
4. கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி எதையும் திணிக்காதீர்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.
5. கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. பெரும்பாலும் இழுப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். இரும்பால் நின்றது என்று நாம் நம்பிவிடுகிறோம்.
6. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு வருமுன் மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ உடனே 108க்குச் சொல்லுங்கள்.

மருந்து உண்டு, நிறுத்தக் கூடாது

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. சரியான சிகிச்சை பெற்றால் 100ல் 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1912 முதல் உபயோகத்தில் உள்ள பினோபார்பிட்டோன் மாத்திரையும், 1938ல் வந்த பெனிடாயினும் விலை குறைந்தவை. பின்னால் வந்த புதிய மருந்துகளும் உண்டு.

"ஆறு மாசமா வரலீங்க, அதான் நிறுத்திட்டோம்" என்று பலர் சொல்கிறார்கள். வராமல் இருந்ததே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் பலமாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைந்தது 2 வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால், டாக்டர் பார்த்துச் சிறுகச் சிறுகக் குறைப்பார். தூக்கம் கெடுவது, பட்டினி கிடப்பது, குடிப்பது மூன்றும் கூடாது. குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். கிணறு, குளத்தில் தனியாக இறங்க வேண்டாம்.

கல்யாணமும் குழந்தையும்

"இவளை யாருங்க கட்டிப்பாங்க?" என்பதுதான் தாய்மார்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி. இந்து திருமணச் சட்டத்தில் 1976ல் வலிப்பு ஒரு தடையாகச் சேர்க்கப்பட்டது. 1999ல் அந்தச் சொல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வலிப்பு உள்ளவர் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், பால் கொடுக்கலாம். ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். மறைத்தால் பெண் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும். ஒரு நாள் விட்டுப்போகும். மாமியார் வீட்டில் வலிப்பு வரும். முன்கூட்டியே இரண்டு வீட்டாரும் டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். போலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது கூட ஒருவர் இருக்கட்டும்.

வலிப்பைவிட ஊர்ப் பேச்சுதான் பலரை அதிகம் வாட்டுகிறது. முகம் வாடி, தூக்கம் கெட்டு, "ஏன் இருக்கணும்" என்று அவர் பேசினால் அலட்சியம் வேண்டாம். மனச்சோர்வும் மூளை சம்பந்தப்பட்ட நோய்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாமியைக் கும்பிடுங்கள், விபூதி பூசுங்கள். ஆனால் கட்டிப்போடுவது, சாட்டையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது ஆகியவை நோயாளிக்குச் செய்யும் கொடுமை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால் உங்கள் கிராம நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரும்போது, வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கூட வரட்டும். எப்படி ஆரம்பித்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று அவர் சொல்வதே நோயைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் பெரிய உதவி.