மூக்கில் தெளிக்கும் மருந்து

நாம் உயிர்க்கும் காற்று உடலினுட் புகும் தலைவாயில் மூக்கு ஆகும். காற்றிலுள்ள தூசியைத் தடுத்து, அக்காற்றை ஈரமும் இளவெப்பமும் உடையதாக்கி நுரையீரலுக்கு அனுப்பும் நல்ல காவலன் அது. எனினும், அக்காவலன் சிலரிடத்துத் தீங்கற்ற பொருளையும் பகையெனக் கருதி எதிர்ப்பதுண்டு. வீட்டுத்தூசி, பூந்தாது, பூஞ்சணம் முதலியன பட்டவுடன் ஹிஸ்டமின் என்னும் பொருள் மூக்கினுள் வெளிப்படுகின்றது. அதனால் அடுக்குத் தும்மலும், நீர்வடிதலும், அரிப்பும், அடைப்பும் உண்டாகின்றன. இதனை ஒவ்வாமை என்பர். ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர், ஆஸ்திரிய நாட்டு மருத்துவராகிய கிளெமென்ஸ் வான் பிர்கே ஆவார்.

இந்நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று, ஸ்டீராய்டு வகையைச் சார்ந்த தெளிப்பு மருந்து. புளூட்டிகசோன், மொமெட்டசோன் என்பன அவ்வகையின. இது மூக்கின் உட்சவ்வில் தோன்றும் அழற்சியைத் தணிக்கும். ஆயினும், தெளித்த அக்கணமே நலம் பெற எண்ணுதல் தவறு. முழுப்பயன் கிட்ட ஓரிரு வாரங்களும் ஆகலாம். ஆதலின், மருத்துவர் குறித்த அளவிலேயே நாள்தோறும் பயன்படுத்துதல் வேண்டும். விரைவில் குணம் பெறும் விருப்பால் அளவை மிகுத்தல் ஆகாது.

இனி, தெளிக்கும் முறையைக் காண்போம். முதலில் மூக்கைச் சிந்தித் தூய்மை செய்க. புட்டியை நன்கு குலுக்குக. புதிய புட்டியாயின், நுண்துளி வரும்வரை வெளியே சில முறை அழுத்துக. தலையைச் சற்று முன்புறம் குனிந்து, இடப்பக்கத் துளைக்கு வலக்கையையும், வலப்பக்கத் துளைக்கு இடக்கையையும் பயன்படுத்துக. புட்டியின் நுனி மூக்கின் நடுச்சுவரை நோக்காமல், வெளிப்புறமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். நடுச்சுவரில் மெல்லிய குருதி நாளங்கள் பலவுள. மருந்து அங்கே மீண்டும் மீண்டும் படின், அவ்விடம் வறண்டு குருதி கசியும். மெல்ல மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே தெளிக்க. உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குச் சென்று வீணாகும். தெளித்தவுடன் மூக்கைச் சிந்தலாகாது. நுனியைத் துடைத்து மூடி வைக்க. அடைப்பை நீக்க ஊசியால் குத்துதலும், ஒருவர் புட்டியைப் பிறர் பயன்படுத்துதலும் தகா.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், எவரையும் கேளாமல் கடையில் வேறொரு தெளிப்பு மருந்தை வாங்கினான். அது ஆக்ஸிமெட்டசோலின் என்பது. தெளித்த சில நிமிடங்களில் அடைப்பு நீங்கியது கண்டு மகிழ்ந்தான். திங்கள் ஒன்று கடந்தும் அதனை விட்டானில்லை. முடிவில், மருந்தின் ஆற்றல் குறையுந்தோறும் அடைப்பு முன்னினும் மிகுந்தது. தேர்வுக் காலத்தில் இரவு உறக்கமின்றி வருந்தினான். அவ்வகை மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் இவ்வாறு நேரும் என்பதை, மருத்துவர் கூறிய பின்னரே அறிந்தான்.

மாணவர்களே! புட்டிகள் தோற்றத்தில் ஒத்திருப்பினும், அவற்றின் மருந்துகள் ஒன்றல்ல. மூக்கில் அடிக்கடி குருதி வடிந்தாலோ, பார்வை மங்கினாலோ, மருத்துவரிடம் தாமதமின்றிக் கூறுங்கள். நோய் தீர்ப்பது மருந்து மட்டுமன்று. அதனை அறிந்து அளவோடு கொள்ளும் ஒழுங்குமாகும்.