பெற்றவள் மட்டுமா தாய்?

ஒரு பெண்ணின் நினைவாக எழுந்த கட்டிடம் என்றதும் எமக்கு ஆக்ராவின் தாஜ்மகால்தான் ஞாபகம் வரும். 1631இல், 14ஆவது பிள்ளைப்பேற்றின்போது இறந்த மும்தாஜுக்காகக் கணவன் ஷாஜகான் எழுப்பியது அது. ஆனால் அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் ஒரு பெண்ணுக்கு நினைவுக் கோயில் எழுந்தது. கட்டியவன் கணவன் அல்லன், மகன். அதுவும் அவர் வயிற்றில் பிறவாத மகன்.

தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கு அண்மையில், பட்டீஸ்வரத்தை அடுத்து இராமநாதன்கோயில் என்ற சிற்றூர் உண்டு. சோழர் காலத்தில் இது பழையாறை நகரைச் சேர்ந்த பகுதி. இங்குள்ள சிறிய சிவன் கோயிலைக் கல்வெட்டு 'பஞ்சவன்மாதேவீச்சரம்' என்ற பள்ளிப்படையாகக் குறிக்கிறது. அரச குலத்தவர் இறந்தால், அவர்களை அடக்கம் செய்த இடத்தில் இலிங்கம் வைத்துக் கட்டப்படும் கோயிலே பள்ளிப்படை.

பஞ்சவன்மாதேவி, முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவர். பழுவேட்டரையர் குலத்துப் பெண். இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரனைப் பெற்றவரோ வானவன்மாதேவி. ஆயினும் 1019ஆம் ஆண்டளவில் பஞ்சவன்மாதேவிக்குப் பள்ளிப்படை அமைத்தவன் இராசேந்திரனே. சிறு வயதில் அவனை வளர்த்தவர் இவர்தான் என்று சொல்வார்கள். பெற்ற தாயின் பெயர் எமது நாட்டிலேயே இருக்கிறது. பொலன்னறுவையில் சோழர் காலத்துக் கற்கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம்.

இதே இராசேந்திரனின் படைதான் 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்றது. அரசியருக்குக் கோயில் எழுந்தது. அந்தப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் பெயரைக் கல்லில் வெட்ட யார் இருந்தார்கள்?

பம்பலப்பிட்டியில் மாதந்தோறும் கூடும் எமது பெண்கள் சந்திப்பில் இதனைச் சொன்னேன். வன்னியிலிருந்து வந்து, ஷெல்லடியில் இறந்த தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தெடுத்த ஒரு சகோதரி கேட்டார்:

"பள்ளிக்கூடப் படிவத்தில தாய் எண்ட இடத்தில தங்கச்சியின்ர பேர். பாதுகாவலர் எண்ட இடத்தில என்ர பேர். அது சரிதான். ஆனா காய்ச்சலுக்கு இரவிரவா முழிச்சிருந்தது ஆரெண்டு எங்க எழுதியிருக்கு?"

அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

சகோதரிகளே, கோயில் கட்ட எமக்கு வசதியில்லை. ஒரு கொப்பி போதும். பெற்றவளின் பெயர், ஊர், பிறந்த திகதி, அவள் பிரிந்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாவிட்டால், கடைசியாகக் கண்ட நாளையும் இடத்தையும் எழுதுங்கள். அதன் கீழே வளர்த்தவளின் பெயரையும் எழுதுங்கள். பிள்ளையின் கையாலேயே எழுதுவித்தால் இன்னும் நல்லது.

சின்னம்மா, பெரியம்மா, அம்மம்மா என எத்தனையோ பேர் இப்படிப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்கள். தன் பெயரையும் எழுதினால் இறந்தவளுக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்று எவரும் கூச வேண்டாம். வானவன்மாதேவியின் பெயரும் பஞ்சவன்மாதேவியின் பெயரும் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.