சீட்டு ஒட்டுவோம்!

கம்ப்யூட்டர் லேபில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எங்கள் வருகைச் செய்தி "1207|பெயர்|வந்தார்" என்று இருக்கும். வருகை மூன்றாவது இடம். இதை ஜாவா நிரலில் வாசிக்கும் பகுதியில் ஒரு தடவை, திருத்தி எழுதும் பகுதியில் ஒரு தடவை எழுதியிருந்தேன். அப்புறம் நடுவில் அப்பாவின் ஃபோன் எண்ணைச் சேர்த்தோம். வாசிக்கும் பகுதியை மாற்றினேன், மற்றதை மறந்துட்டேன். அவ்வளவுதான், ஃபோன் எண் இருந்த இடத்தில் "வரவில்லை" வந்து உட்கார்ந்துகொண்டது! அந்த அப்பாவுக்குச் செய்தி எப்படிப் போகும்?

2004-இல் வந்த ஜாவா 5-இல் அனோடேஷன் என்ற வசதி உண்டு. மாறிக்கு மேலே @இடம்(4) என்று சீட்டு ஒட்டிவிடலாம். வாசிப்பதும் எழுதுவதும் அந்த ஒரே சீட்டைப் பார்த்துத்தான். வரிசை எண்ணை யாரும் மாற்றக்கூடாதே, அதன் சீட்டில் 'படிக்க மட்டும்' என்றும் சேர்த்தேன்.

ஒட்டியும் ஒன்றும் நடக்கலை! சீட்டு தானாக வேலை செய்யாது, நிரல்தான் தேடிப் பார்க்கணும். தேடினாலும் கிடைக்கவில்லை. அனோடேஷனை உருவாக்கும்போதே 'ரிடென்ஷன்' என்பதில் 'ரன்டைம்' என்று குறிக்கணுமாம். இல்லாவிட்டால் சீட்டு கிளாஸ் கோப்போடு நின்றுவிடும், நிரல் ஓடும்போது தெரியாது. மிஸ்தான் கண்டுபிடித்தார். ஒரு வரி சேர்த்தேன், ஃபோன் எண் அதன் இடத்திலேயே நின்றது.